அடைப்பா? திணறலா? நெரிப்பா?

(திங்கட்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழ்க் கூட்டத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று முன்வரிசையில் இரண்டொருவர் புருவத்தை நெரிப்பது தெரிகிறது. அந்த நெரிப்பும் என் பேச்சுக்கு உரியதுதான், பின்னர் வருகிறேன். சொல் இதுதான்: சோக்கு. சென்னைத் தெருக்களில் மிடுக்கையும் அழகையும் குறிக்கும் சோக்கு அன்று. அது உருதுவிலிருந்து வந்த விருந்தாளி. நான் சொல்லும் சோக்கு, முதல் எழுத்தை அழுத்தி ஒலித்து ஆங்கிலேயன் சொல்லும் சோக்கு. தொண்டை அடைத்து மூச்சு நிற்பதை அவன் அச்சொல்லால் குறிக்கிறான்.

இச்சொல்லின்மேல் எனக்கு நாட்டம் வந்தது அகரமுதலியைப் புரட்டியதால் அன்று. மூன்றாண்டுகளுக்கு முன், நான் பணியாற்றும் பள்ளியில், நண்பகலுணவு வேளையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அவித்த கொண்டைக்கடலையை வாய்நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்தவன் சொன்ன எதற்கோ சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவன் இருமவில்லை; அழவில்லை; கூப்பிடவில்லை. இரு கைகளாலும் கழுத்தைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றான். கண்கள் பிதுங்கின. உதடு கருத்தது.

உணவுக்கூடத்துச் சுவரில் ஒரு முதலுதவித் தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கப்பட்ட தாள். எங்கிருந்து வந்தது, யார் தமிழாக்கினார் என்பது இங்கு வேண்டா. எங்கள் இளம் ஆசிரியர் ஒருவர் ஓடிச்சென்று அதைப் பார்த்து, 'மூச்சுத்திணறல்' என்று கூவி, அதன்கீழ் இருந்ததைப் படிக்கத் தொடங்கினார். காற்று வரும்படி விலகி நில்லுங்கள், ஆடையைத் தளர்த்துங்கள், நிமிர்ந்து உட்கார வையுங்கள், உள்ளிழுக்கும் மருந்து இருந்தால் கொடுங்கள். அவர் படித்தபடியே ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார், ஒருவர் விசிறினார், இளைப்பு நோய்க்கு மருந்து வைத்திருக்கும் மாணவியைத் தேடி இன்னொருவர் ஓடினார். முப்பதாண்டு காலம் சொல்லும் பொருளும் கற்பித்த நான் என்ன செய்தேன் தெரியுமா? நீர்க்குவளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

சமையல் செய்யும் அம்மையார் அடுக்களையிலிருந்து வந்தார். பையனை ஒரு பார்வை பார்த்தார். "தொண்டையில கடலை அடைச்சிக்கிச்சு, தள்ளுங்க ஐயா!" என்றார். பையனைத் தம் இடக்கையின்மேல் முன்புறமாகக் கவிழ்த்தார். வலக்கையின் அடிப்பகுதியால் தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கி அறைந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காம் அறையில் கடலை தரையில் விழுந்தது. பையன் மூச்சை இழுத்த ஒலி இருக்கிறதே, அதைவிட இனிய ஓசையை நான் எந்த இசையரங்கிலும் கேட்டதில்லை.

எல்லாம் அடங்கியபின் அந்தத் தாளை நிதானமாகப் படித்தேன். 'மூச்சுத்திணறல்' என்னும் தலைப்பு அதில் இரண்டு இடங்களில் இருந்தது! முதலாவது இளைப்பு நோய்க்கு. இரண்டாவது, கீழே மூலையில், தொண்டையில் பொருள் சிக்குவதற்கு. இரண்டாவதன் கீழ் அந்த அம்மையார் செய்தது அப்படியே எழுதப்பட்டிருந்தது. செய்முறையில் பிழையில்லை, தலைப்பில்தான் பிழை. ஆங்கிலத்தில் இருவேறு சொற்களாய் இருந்தவற்றைத் தமிழில் ஒரே சொல்லாக்கிவிட்டார் மொழிபெயர்த்தவர். அவரைக் கடிந்து என்ன பயன்? அகரமுதலியில் முதலில் நின்ற சொல்லை எடுத்து வைத்தார், அவ்வளவுதான். கடலை சிக்கியதை 'அடைச்சிக்கிச்சு' என்று சொன்னவர்க்கு, அடைப்பை எடுக்கவேண்டும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிட்டது. 'திணறல்' என்று சொன்ன எங்களுக்குக் காற்று விசிறத்தான் தோன்றியது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சற்றுப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் தாடையைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து இது வந்திருக்கவேண்டும் என்பது அம்மொழியின் சொற்பிறப்பறிஞர் கருத்து. இன்று கன்னத்தைக் குறிக்கும் 'சீக்கு' என்னும் ஆங்கிலச் சொல் இதன் உடன்பிறப்பு. (நம்மூர்ச் சீக்கு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) இதே பொருளில் அவர்களிடம் இன்னும் இரண்டு சொற்கள் உள்ளன. 'திராட்டில்' என்பது தொண்டையைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. தொண்டையைப் பிடித்து இறுக்குவது. 'சுட்ராங்கிள்' என்பது இலத்தீன் வழியாகக் கிரேக்கத்துக்குப் போகிறது. அங்கே அதன் அடி, கழுத்தில் மாட்டும் கயிறு. தாடை ஒன்று, தொண்டை ஒன்று, கயிறு ஒன்று.

நம்மிடம் எத்தனை இருக்கின்றன? வறண்ட உணவு இறங்காமல் நின்றால் விக்கிக்கொண்டது என்கிறோம். நீரோ பாலோ வழிதவறி மூச்சுக்குழலுக்குப் போனால் புரையேறியது என்கிறோம். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுகிறோம். மீன்முள் சிக்கிக்கொள்ளும். கடலை அடைத்துக்கொள்ளும். புகை மண்டிய அறையில் மூச்சு முட்டும். படியேறியவனுக்கு மூச்சு வாங்கும். நோயாளிக்கு மூச்சுத் திணறும். கையால் கழுத்தைப் பிடித்தால் நெரித்தல். கயிற்றால் ஆனால் இறுக்குதல். கூட்டத்தில் அகப்பட்டவன் திக்குமுக்காடுவான். உரக்கப் பேசியவனுக்குத் தொண்டை கட்டும். துயரத்தில் நாத் தழுதழுக்கும், குரல் கம்மும். இவற்றுள் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்துப் பாருங்கள்; படிக்காத பாட்டியும் சிரிப்பார். மீன்முள் திணறியது என்று எவரேனும் சொல்வாரா?

திருவள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில், நா அடங்கி விக்குள் எழுவதைச் சாவின் முன்னடையாளமாகக் காட்டுகிறார். அந்த விக்குள் நாம் சோறுண்ணும்போது எழும் விக்கல் அன்று. உயிர் போகும் வேளையில் மிடற்றில் எழுவது. ஒரே அடி, இரண்டு நிலை. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் ஒரு சொல்லால் சொல்ல இயலாது. மிடறு என்னும் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். தொண்டையும் மிடறுதான், தொண்டை ஒருமுறை இறக்கும் நீரின் அளவும் ஒரு மிடறுதான். எழுத்துகளின் பிறப்பைக் கூறவந்த தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழும் காற்று நிலைபெறும் இடங்களாகத் தலையையும் மிடற்றையும் நெஞ்சையும் சொன்னார். காற்று இன்றேல் ஒலி இல்லை.

இந்த இலக்கணத்தில் ஒரு மருத்துவமும் இருக்கிறது. மூச்சுக்குழல் முன்னே, உணவுக்குழல் பின்னே. விழுங்கும்பொழுது குரல்வளையின் மூடி சாய்ந்து மூச்சுவழியைக் காக்கிறது. உண்ணும் வாயால் சிரித்தாலோ பேசினாலோ அந்தக் காவல் பிழைக்கும். சிக்கிய பொருள் வழியை முழுதும் அடைத்துவிட்டால் குரல்நாளங்கள் அதிர்வதற்குக் காற்று இராது. ஆகவே முழு அடைப்பின் முதல் அடையாளம் ஓசையின்மை. எங்கள் சிறுவன் கத்தாமல் நின்றானே, அதுதான். இருமுகிறவன் இருமட்டும், அவனுக்கு வழி இன்னும் இருக்கிறது. இரும முடியாதவனுக்கு மூளை கெடாதிருக்கக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணித்துளிகள்தாம்.

சரி, இனி வழிப்பொருளுக்கு வருவோம். இலத்தீனில் 'ஆங்கெரெ' என்றொரு வினை. நெருக்குதல், தொண்டையை இறுக்குதல் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் மனக்கவலையைக் குறிக்கும் 'ஆங்சைட்டி', வேதனையைக் குறிக்கும் 'ஆங்குயிசு' இரண்டும் அதன் வழி வந்தவை. செருமானியர் அச்சத்துக்குச் சொல்லும் 'ஆங்சுட்டு' என்பதும் அதே குடும்பம். 1768ஆம் ஆண்டில் எபர்டன் என்னும் ஆங்கில மருத்துவர் நெஞ்சை இறுக்கும் ஒரு நோயை விளக்கி, அதற்கும் இந்த அடியிலிருந்தே 'ஆஞ்சைனா' என்னும் பெயரைச் சூட்டினார். கவலை என்பது கழுத்தில் விழுந்த பிடி என்று மேலை மக்கள் கண்டிருக்கின்றனர்.

நாமும் அதையே கண்டோம். நெருக்கு என்பதிலிருந்து நெருக்கடி. இடுக்கண் என்னும் சொல்லைக் கண் இடுங்குதற்குரிய துன்பம் என்று விளக்குவார் உளர். எவ்வாறாயினும் ஒடுங்குதலே உள்ளே நிற்கும் பொருள். நெஞ்சடைத்தல், மாரடைப்பு, மனம் இறுகுதல் எல்லாம் இவ்வகையே. புருவத்தை நெரித்தவர்களே, உங்கள் நெரிப்பும் இதில் சேரும்! மனத்தின் நெருக்கம் நெற்றியில் மடிப்பாய்த் தெரிகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஆங்கெரெ' நம் தமிழிலிருந்துதான் போயிற்று என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்த நண்பர் ஏமாறக்கூடும். ஒலி ஒத்தால் உறவு என்று அவசரப்படுகிறவன் பகைவனுக்கு வாய்ப்பளிக்கிறான். கழுத்து எல்லா மாந்தர்க்கும் உண்டு; கவலையும் உண்டு. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் அறிவும் பலர்க்கும் உண்டு.

வழிப்பொருளை மொழிபெயர்க்கும்போதுதான் பெரிய கூத்து. ஏரியைக் களைகள் 'சோக்கு' செய்துவிட்டன என்பது ஆங்கிலத் தொடர். எங்கள் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், 'களைகள் ஏரியின் கழுத்தை நெரித்தன' என்று எழுதினான். முழு மதிப்பெண் கொடுக்க எனக்கு ஆசைதான், அந்தத் துணிவுக்காக! ஆனால் வெங்காயத்தாமரை மண்டிக் கிடக்கும் ஏரியைக் கண்ட உழவர் என்ன சொல்வார்? ஏரியை மூடிவிட்டது என்பார். வாய்க்கால் என்றால் தூர்ந்துபோயிற்று என்பார். சாக்கடை என்றால் அடைத்துக்கொண்டது. பயிர் என்றால் களை அமுக்கிவிட்டது. அழுகையால் 'சோக்கு' ஆன குரலை 'அவர் கண்ணீரால் மூச்சுத்திணறினார்' என்று எழுதியதை அச்சிலேயே பார்த்திருக்கிறேன். அழுதவரை மருத்துவமனைக்கு அல்லவா தூக்கிச் செல்லவேண்டும்? தொண்டை அடைத்துக்கொண்டது என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்!

பொறிகளிலும் இச்சொல் புகுந்திருக்கிறது. இவ்வரங்கில் இப்பொழுது புதுவகை விளக்குகள் எரிகின்றன. முன்பு குழல்விளக்கு இருந்தது, அது எரியவில்லை என்றால் மின்பணியாளர் முதலில் கேட்பது, "சோக்கு போயிடுச்சா?" அது இரும்புத் தகடுகளின்மேல் சுற்றிய செப்புக்கம்பிச் சுருள். விளக்கைக் கொளுத்தும் கணத்தில் மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கும். எரியத் தொடங்கியபின் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். அடைப்புச்சுருள் என்றால் செயலும் விளங்கும், சொல்லும் விளங்கும். குளிர்காலையில் பழைய ஈருருளியைக் கிளப்பச் 'சோக்கு' இழுப்பார்கள்; அது காற்றின் வழியைக் குறுக்கி, பெட்ரோல் என்று வழங்கும் கன்னெய்யின் பங்கை மிகுதியாக்கும். காற்றடைப்பு என்று சொல்லலாம்.

'திராட்டில்' கதை இன்னும் வேடிக்கை. நீராவிப் பொறியின் வேகத்தைத் தானே சீராக்கும் அமைப்பை வாட்டு 1788இல் இணைத்தபோது, நீராவி வரும் குழாயில் இருந்த அடைப்பிதழை அது இயக்கியது. அவ்விதழுக்குத்தான் அந்தப் பெயர். வழியை நெரித்தால் வேகம் குறையும். நெரிப்பை விட்டால் கூடும். ஆனால் இன்று ஆங்கிலேயன் 'முழுத் திராட்டில்' என்றால் முழு வேகம் என்று பொருள். நெரிப்பின் பெயரே விடுதலையின் பெயராகிவிட்டது! நம் இளைஞர் 'முறுக்கிக்கிட்டுப் போறான்' என்கிறார்கள். கையின் செயலைக் கண்டு சொன்ன சொல். அதை எவனும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் சூயசுக் கால்வாயில் 'எவர் கிவன்' என்னும் 400 மீட்டர் நீளக் கப்பல் குறுக்கே திரும்பித் தரைதட்டியது. ஆறு நாள்கள், 29ஆம் நாள் வரை, ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான அவ்வழி நின்றது. இத்தகைய குறுகிய கடல்வழிகளை ஆங்கிலத்தில் 'சோக்குப் புள்ளி' என்பர். புள்ளி எதற்கு, போக்கு எதற்கு? இடுக்குவழி என்றால் போதும். அந்த ஆறு நாள்களும், உலக வாணிகத்தின் தொண்டையில் முள் சிக்கியது என்று நம் தேநீர்க்கடையில் ஒருவர் சொல்லியிருந்தால் எல்லார்க்கும் விளங்கியிருக்கும்.

விளையாட்டைப் பற்றி ஒரு சொல். வெல்லவேண்டிய ஆட்டத்தைக் கடைசி நேரத்தில் பதற்றத்தால் இழப்பதையும் 'சோக்கு' என்கிறான் ஆங்கிலேயன். 1999 உலகக்கோப்பை அரையிறுதியில் சமனாகி வெளியேறியதிலிருந்து தென்னாப்பிரிக்க அணிமேல் இப்பெயர் ஒட்டிக்கொண்டது. 2024 இருபது ஓவர் உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் 30 பந்துகளில் 30 ஓட்டங்களே தேவை என்ற நிலையிலிருந்து இந்தியாவிடம் 7 ஓட்டங்களில் தோற்றது. மறு ஆண்டே இலார்ட்சு திடலில் ஐந்துநாள் ஆட்ட உலகப் பட்டத்தை வென்று அப்பெயரைக் கழற்றி எறிந்தது. இதனைத் தமிழில் மூச்சடைப்பு என்றோ நெரிப்பு என்றோ எழுதாதீர்கள். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்று நம் வீட்டில் சொல்வதுதான் இது.

இனிச் சொல்வது சிரிப்புக்குரியதன்று. 2014 சூலை 17ஆம் நாள் நியூயார்க்கு நகரில் எரிக்கு கார்னர் என்னும் கறுப்பினத்தவரைக் காவலர் ஒருவர் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு வீழ்த்தினார். மூச்சுவிட முடியவில்லை என்று அவர் பதினொரு முறை சொன்னார், இறந்தார். 'சோக்குப் பிடி' அந்நகரக் காவல்துறையில் 1993ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. ஆகவே வழக்கு எதில் வந்து நின்றது? அப்பிடியின் பெயர் என்ன என்பதில். அது அந்தப் பிடியே அன்று, கற்பிக்கப்பட்ட வேறு பிடி என்றது காவலர் தரப்பு. கழுத்து அழுத்தப்பட்டது என்று எழுதினார் பிணவாய்வு மருத்துவர். ஐந்தாண்டு கழிந்து 2019இல்தான் அக்காவலர் பணிநீக்கப்பட்டார். ஒரு மனிதன் எப்படி இறந்தான் என்பதை ஒரு சொல்லைச் சுற்றியே வழக்காடினார்கள். சொல்லாராய்ச்சி வேலையற்றவர் வேலை என்பார்க்கு இதனைச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் 1975 சூன் 25இல் வந்ததை நெருக்கடிநிலை என்று தமிழர் பெயரிட்டனர். இதழ்களுக்குத் தணிக்கை வந்தது; தலையங்கம் இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாய் விட்டு ஒரு நாளிதழ் வெளிவந்தது. அவசரநிலை என்றும் சிலர் எழுதினர். விரைந்து செய்யவேண்டியது என்பதைத் தவிர அவசரத்தில் என்ன பொருள் இருக்கிறது? நெருக்கடி என்னும்போது அதில் கழுத்தும் இருக்கிறது, கையும் இருக்கிறது. வெறுமையாய் விடப்பட்ட அந்தப் பத்தி, கத்த முடியாமல் நின்ற எங்கள் சிறுவனைத்தான் எனக்கு நினைவூட்டுகிறது.

அந்தத் தாளின் கதையை முடித்துவிடுகிறேன். நிகழ்ச்சிக்கு மறுவாரம் தலைமையாசிரியர் இசைவுடன் புதிய தாள் எழுதினேன். இளைப்புக்கு 'மூச்சுத்திணறல்' என்றே விட்டேன். மற்றதற்குத் 'தொண்டையடைப்பு' என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டேன். மருத்துவ நண்பர் ஒருவரைக் கேட்டு எழுதியது இது: பேசவோ இருமவோ முடியாதவரை முன்புறம் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை அறைக. வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கைகளைக் கோத்து, உள்நோக்கி மேலாக ஐந்து முறை அழுத்துக. அடைப்பு நீங்கும்வரை மாற்றி மாற்றிச் செய்க. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு வயிற்றில் அழுத்தலாகாது. தலை தாழக் கவிழ்த்து முதுகிலும், பிறகு திருப்பி மார்பிலும். நினைவிழந்தால் கிடத்தி, மார்பை அழுத்தும் உயிர்மீட்பு முறையைத் தொடங்கி 108ஐ அழைக்க. வயிற்றை அழுத்தும் முறையை 1974இல் அமெரிக்க மருத்துவர் ஐம்லிக்கு விளக்கினார் என்று அடியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். இடம் போதாமல் அதை எடுத்துவிட்டேன்.

ஒட்டுவதற்கு முன் சமையல் அம்மையாரிடம் படித்துக் காட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே முழுதும் கேட்டார். "எல்லாம் சரிதான் ஐயா. தண்ணி குடுக்காதீங்கன்னு எழுதலியே? அன்னிக்கு நீங்கதானே சொம்பைத் தூக்கிட்டு வந்தீங்க?" என்றார்.

அதையும் எழுதினேன், சிவப்பு மையில்.